அரை கிலோமீட்டருக்கு யார் பொறுப்பு?

சென்னை சென்ட்ரலைச் சுற்றி ஐந்து ரயில் நிலையங்கள் இருக்கின்றன. வெளியூர் வண்டிகளுக்கு சென்ட்ரல். அதன் ஓரத்திலேயே அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கு மூர் மார்க்கெட் வளாகம். சாலைக்கு எதிர்ப்புறம் கடற்கரை – தாம்பரம் தடத்தில் பூங்கா நிலையம். சற்றுத் தள்ளி, பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர். நிலத்துக்கு அடியில் மெட்ரோ. ஐந்தும் ஏறத்தாழ பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். ஆனால், திருத்தணியிலிருந்து முதல்முறையாக வந்து மூர் மார்க்கெட்டில் இறங்கும் ஒருவர் திருவான்மியூர் போகப் பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால், வழியில் நாலு பேரைக் கேட்காமல் போய்ச் சேர முடியாது. கேட்கப்படும் நாலு பேரில் இருவர் "பேசாம ஆட்டோ புடிச்சுடுங்க" என்பார்கள்.

இந்த ஊருக்கு ரயில் இல்லாமல் இல்லை, பேருந்தும் இருக்கிறது. இறங்கிய இடத்துக்கும் ஏற வேண்டிய இடத்துக்கும் நடுவில் கிடக்கிற அரை கிலோமீட்டருக்குத்தான் ஆளில்லை. ரயிலுக்கு தெற்கு ரயில்வே, மெட்ரோவுக்கு ஒரு நிறுவனம், பேருந்துக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம், பாலத்துக்கு நெடுஞ்சாலைத் துறை என்று சக்கரம் ஓடும் இடங்களுக்கெல்லாம் இலாகா உண்டு. கால் நடக்கும் இடத்துக்கு மட்டும் பல இலாகாக்கள் உண்டு, அதனாலேயே எந்த இலாகாவும் இல்லை. சென்னை காரை நம்பிய நகரமாக மாறிக்கொண்டிருப்பதன் காரணத்தை, மக்களின் ஆசையில் தேடுவதைவிட இந்த ஆளில்லாத அரை கிலோமீட்டரில் தேடுவது நல்லது.

மக்களின் ஆசை என்று ஏன் சொல்கிறேன் என்றால், விவாதம் எப்போதும் அங்கேதான் போய் நிற்கிறது. "வருமானம் உயர்ந்தால் கார் வாங்கத்தானே செய்வார்கள், தடுக்க முடியுமா?" என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 1970-ல் சென்னையில் எடுத்த கணக்கின்படி நூறு பயணங்களில் 40-க்கு மேல் பேருந்தில் நடந்தன, 20 சைக்கிளில், 21 நடையில். காரும் டாக்ஸியும் சேர்த்து வெறும் மூன்று. 2008-ல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில் கார், டாக்ஸியின் பங்கு ஆறுதான். 38 ஆண்டுகளில் மூன்று ஆறாகியது. அதே காலத்தில் பேருந்து 26-க்கு இறங்கிவிட்டது, சைக்கிளும் ஆறுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டும் விட்ட இடத்தைப் பிடித்தது கார் அல்ல, பைக்கும் ஸ்கூட்டரும்: இரண்டிலிருந்து இருபத்தைந்து. பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று வெறுத்தவர் தவணையில் வாங்கிய வண்டி அது. நடை மட்டும் 28 என்று கொஞ்சம் கூடியிருந்தது. அந்த 28 பேருக்கும் பேருந்தில் போகும் 26 பேருக்கும் (அவர்களும் நடந்துதானே நிறுத்தத்துக்கு வருகிறார்கள்) சாலையில் விட்ட இடம் எவ்வளவு என்பதை, வீட்டை விட்டு இறங்கி எந்தப் பெருஞ்சாலைக்கும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிப் போகும்போது தெருவைக் கொஞ்சம் கவனியுங்கள். நடைபாதை மாநகராட்சியுடையது, சாலையோ சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. நடைபாதையின் நடுவே நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துடையது. பத்தடிக்கு ஒன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூடிகள் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அவற்றுக்கு அடுத்து வரும் மழைநீர் வடிகால் மூடி மறுபடியும் மாநகராட்சியின் பொறுப்பு, ஆனால் அங்கே அது வேறு பிரிவு. சிக்னலும் அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த இரும்புத் தடுப்பும் போக்குவரத்துக் காவல்துறையுடையவை. பேருந்து நிழற்குடையைக் கட்டுவது ஒருவர், பேருந்தை நிறுத்துவது இன்னொருவர். அதனால் நிழற்குடை ஓரிடத்தில் இருக்கும், பேருந்து அதைத் தாண்டி நாற்பதடியில் நிற்கும். கூட்டம் ஓடும். கார்கள் தடையின்றித் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சந்திப்பை விட்டு நிறுத்தத்தைத் தள்ளி வைக்கும்போது, மாறிப் போகிறவர் கூடுதலாக நடக்க வேண்டிய தூரத்தை யாரும் அளப்பதில்லை. இவர்களில் எவரும் கெட்டவர் இல்லை. அவரவர் கோப்பில் அவரவர் வேலை முடிந்திருக்கிறது.

இந்த நோய் எவ்வளவு பெரிய அளவில் போகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் சாட்சி. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே 88 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது, நல்ல கட்டடம். ஆனால் அதன் வாசலில் ஓடும் ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் ரயில் தடம் இருக்கிறது; கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் மின்சார ரயில்கள் அதில் நாளெல்லாம் ஓடுகின்றன. முனையம் திறந்த அன்று அந்தத் தடத்தில் வண்டி நிற்க ஒரு நடைமேடை இல்லை. ஓராண்டு கழிந்தும் இல்லை. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள், கண்ணெதிரே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள், அல்லது ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினார்கள். முன்பு கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தில் இறங்கி வீட்டுக்குப் போன செலவும் இந்தச் செலவும் ஒன்றல்ல என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே பேருந்து முனையத்தைக் கொண்டுபோவது சரியா தவறா என்று ஒரு வாதம் இருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. கொண்டுபோவது என்று முடிவெடுத்த அன்றே ரயில் நிலையத்துக்கும் அடிக்கல் நாட்டியிருக்க வேண்டும் என்பதில் வாதம் எதுவும் இருக்க முடியாது. பேருந்து முனையம் கட்டியது ஓர் அமைப்பு, ரயில் நிலையம் கட்ட வேண்டியது வேறு அமைப்பு. நடுவில் ஒரு சாலை.

பறக்கும் ரயிலின் கதை இதைவிடப் பழையது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டு, 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். அதை இணைத்தால் புறநகர் ரயிலும் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே இடத்தில் கை கோக்கும். 2008-ல் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் சிக்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. தூண்கள் வந்திருந்தன, நடுவில் ஒரு துண்டு மட்டும் இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டுகளில் வேளச்சேரியிலும் அதைத் தாண்டிய பகுதிகளிலும் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் குடியேறின, அவர்கள் வாசலில் எத்தனை வண்டிகள் சேர்ந்தன என்பதற்கு அந்தப் பக்கத்து நெரிசலே பதில். ரயில் வராத காலத்தில் ஒருவர் வாங்கிவிட்ட பைக்கை, ரயில் வந்தபின் அவர் விற்றுவிட மாட்டார்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் 2010-லேயே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, சுருக்கமாக கும்டாவுக்கு, சட்டம் இயற்றினார்கள். அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் முதல்வர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு. நல்ல வேலை, பாராட்ட வேண்டும். கைப்பேசிக்குள் ஊர் ஒன்றாகிவிட்டது. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு மெட்ரோ வாசலில் இறங்கினால் முட்டுச் சந்தும் தேங்கிய தண்ணீரும் பழையபடியே.

நடைபாதைக்கும் கொள்கை உண்டு. 2014-ல் சென்னை மாநகராட்சி இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இதற்கு முன் வேறெதுவும் அப்படிச் செய்ததில்லை. போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பலனாகச் சில சாலைகளில் அகலமான நடைபாதைகள் வந்தன. 2019-ல் தி.நகர் பாண்டி பஜார் கடைவீதியும் அப்படி மாறியது. வியாபாரம் படுத்துவிடும் என்று சொன்ன ஊர், இன்று அங்கே குழந்தைகளை அழைத்துக்கொண்டு உலாவப் போகிறது. ஆனால் கொள்கை ஒரு கடைவீதியைத் தாண்டி எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. இடையில் பணம் எங்கே போனது? அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை. 1973-ல் ஜெமினி மேம்பாலம் திறந்ததிலிருந்து ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரே வாக்குறுதிதான், இதோடு நெரிசல் தீர்ந்தது என்று. பாலம் இறங்கும் இடத்தில் நெரிசல் தொடங்குகிறது. அங்கே அடுத்த பாலத்துக்கு மண் பரிசோதனை நடக்கிறது.

நடைமேம்பாலங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாலையைக் கடக்க ஒரு பாட்டி நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும், குளிர்சாதனக் காரில் உட்கார்ந்திருப்பவர் முப்பது நொடி நிற்காமல் இருப்பதற்காக. இதைப் பாதசாரிகளுக்கான வசதி என்று அரசு விழாவில் அறிவிக்கவும் செய்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஆறு வழிப் பாதையைக் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் கையைக் காட்டிக்கொண்டே ஓடிக் கடப்பதை, ஒழுங்கில்லாத ஜனம் என்று திட்டுவது எளிது. எங்கே கடக்க வேண்டுமோ அங்கே வெள்ளைக் கோடும் விளக்கும் போட்டுவிட்டுத் திட்டலாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மனிதரை நினைத்துக் கட்டியது. ரங்கநாதன் தெரு நெரிசலில் மூட்டையோடு மூச்சுத் திணறாமல் போகலாம். இடைவெளியை யாராவது ஒருவர் எடுத்துச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சான்று.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைப் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தார். அந்த வழக்கில்தான், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடைந்த எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டே இருந்த ஒருவர், உடையும் இடத்துக்குப் போக முடிவெடுத்திருக்கிறார்.

நடைபாதை உரிமை என்றதும் அதிகாரிகளின் கை முதலில் போவது பூக்காரம்மாவின் கூடைக்குத்தான். இதில் எனக்கு உடன்பாடில்லை. 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதைச் செய்யாமல் லாரியில் தள்ளுவண்டியை ஏற்றுவது எளிதாக இருக்கிறது. அதே தெருவில் இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிற்கும் கார் நாலு வியாபாரிகளின் இடத்தை இலவசமாகப் பிடித்திருக்கும், அதை யாரும் தொடுவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணைக் கேட்டால், விளக்கெரியும் இட்லிக் கடை இருக்கிற வழியாகத்தான் போவேன் என்பார். பறக்கும் ரயில் நிலையங்கள் பலவற்றில் கடையும் இல்லை, ஆளும் இல்லை, அரண்மனை போன்ற கூடங்களும் இருட்டும்தான் இருக்கின்றன. பெண்கள் அங்கே இறங்கத் தயங்குவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

சைக்கிளின் நிலைமை இன்னும் விசித்திரம். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸையும் பிஎஸ்ஏவையும் நாடு முழுவதற்கும் அனுப்பியது. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். குவாரித் தொழிலாளிகள் முதல் அங்கன்வாடி ஊழியர்கள் வரை ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 2001-02 முதல் பள்ளி மாணவிகளுக்கும், பிறகு மாணவர்களுக்கும் அரசே சைக்கிள் கொடுக்கிறது. இத்தனை செய்த மாநிலத்தின் தலைநகரில், அந்த சைக்கிளை உயிர்ப் பயமில்லாமல் ஓட்டிப் போக ஒரு முழு நீளச் சாலை இல்லை. வெயிலைக் காரணம் சொல்வார்கள். 1970-லும் மே மாதம் இருந்தது. நூற்றுக்கு இருபது பேர் மிதித்தார்கள். அப்போது மரமும் இருந்தது, மோதித் தள்ளும் வண்டி குறைவாக இருந்தது. இன்றைக்கு சைக்கிள் ஓட்டி என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியலில் தலைக்கவசத்தோடு பறக்கும் இளைஞர்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார். பால் பாக்கெட் போடுபவரும், இரவுக் காவலாளியும், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரரும் தினம் மிதிக்கிறார்கள். அவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு வருவதில்லை.

பேருந்துக்கு வருவோம். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 கோடி. நான் மெட்ரோவுக்கு எதிரியல்ல. ஒரு கோடி மக்கள் வாழும் பெருநகருக்கு அது வேண்டும். ஆனால் இன்று மெட்ரோவில் நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேர் அளவில் போகிறார்கள். மாநகரப் பேருந்துகளில் முப்பது லட்சத்துக்கு மேல். இந்த முப்பது லட்சத்தைச் சுமப்பவை மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள். லட்சம் பேருக்கு 60 பேருந்து என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். அப்படிப் பார்த்தால் ஆறாயிரம் வேண்டும். இதற்கு நடுவில் 2022-ல் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கிவிட்டார்கள். எல்லை ஐந்து மடங்கானது.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் இந்த ஊரில் பேருந்தின் மதிப்பை மாற்றியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகும் ஒருவர் இரண்டு நிறுத்தத்துக்கு நடந்தே போன காலம் போய், கொஞ்சம் தள்ளி நல்ல சம்பளம் கிடைக்கும் வீட்டுக்குப் போக முடிகிறது. ஆனால் அந்தச் சலுகை உள்ள வெள்ளைப் பலகைப் பேருந்து எப்போது வரும்? 'வந்தால் ஏறிக்கொள்' என்ற உரிமையோடு, வருவதற்கு ஒரு நேரமும் வேண்டும். வந்த பேருந்து நெரிசலில் நிற்காமல் போக ஒரு தடமும் வேண்டும்.

தடம் என்றதும் டெல்லியைக் காட்டுவார்கள். 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்கெனத் தனித் தடம் போட்டார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள். தடத்தை நீக்கக் கோரிய வழக்கை 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் அரசியலில் ஜெயித்தார்கள்; 2016-ல் தடம் பெயர்க்கப்பட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன, சந்திப்புகளில் சிக்னல் குழப்பம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தோற்றதற்குப் பெரிய காரணம், பேருந்தில் போனவர்களின் சத்தம் தொலைக்காட்சிக்குக் கேட்கவில்லை என்பதுதான். டெல்லியில் தடம் போட்டதற்கு அடுத்த ஆண்டு, 2009-ல், அகமதாபாத் தொடங்கிய ஜன்மார்க் என்ற தனித் தடப் பேருந்து இன்றும் ஓடுகிறது. சென்னைக்கான தனித் தடத் திட்டம் காகிதத்தில் பலமுறை வந்து போயிற்று. அண்ணா சாலையில் ஒரு தடத்தை வண்ணம் அடித்துப் பேருந்துக்கு விட்டுவிடுவதற்கு 621 கோடி ஆகாது. துணிச்சல்தான் ஆகும், அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது என்பதால் யாருக்கும் ஆர்வமில்லையோ என்னவோ.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தடங்களில் ஒன்று கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகிறது. கோடம்பாக்கம், வடபழனி, வளசரவாக்கம், போரூர் என்று ஆற்காடு சாலையின் மேலேயே ஓடுகிறது. ஒவ்வொரு பகுதியும் திறக்கும் முன் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து தண்டவாளம், சிக்னல், கதவு, அவசர வழி எல்லாம் சோதித்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் ஒரு பயணி ஏற முடியாது. நிலையத்தின் வாசலுக்கு வெளியே அப்படி ஒரு சோதனை கிடையாது. அதைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அரை கிலோமீட்டருக்கு, சக்கர நாற்காலியில் ஒருவர், கைக்குழந்தையோடு ஒருவர், இரவு எட்டு மணிக்கு மழையில் தனியாக ஒரு பெண் போய்ப் பார்த்து, போக முடிகிறது என்று கையெழுத்திட்ட பிறகே நிலையம் திறக்கட்டும். நடைபாதை, விளக்கு, கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், சைக்கிள் பூட்டிவைக்க இடம் இவ்வளவும் அந்த ஒரே சான்றுக்குள் வரட்டும். செலவை மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் மெட்ரோ நிறுவனமும் எப்படிப் பகிர்வது என்பதை கும்டா ஒரு கூட்டத்தில் முடித்துவிடலாம். இந்தத் துறைகளை ஒரே மேசையில் உட்காரவைப்பதற்குத்தான் 2010-ல் சட்டம் போட்டார்கள்.